காத்திருப்பும் ஒரு கட்டணம்தான்

போன கோடையில் ஒரு சனிக்கிழமை, ஒருவர் கையில் தாள்களோடு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். கோயிலில் அடிக்கடி காணும் முகம். "அண்ணை, எங்கட வீதியில பஸ்ஸுக்கெண்டு ஒரு தடத்தைப் பறிக்கப் போறாங்களாம். நாங்கள் என்னெண்டு வேலைக்குப் போறது? ஒரு கையெழுத்து வையுங்கோ" என்றார். நான் வைக்கவில்லை. ஏன் என்று வாசலில் நின்று சொல்ல அப்போது வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

அவர் சொன்ன "நாங்கள்"தான் என்னை உறுத்தியது. ஸ்காபரோவில் விடியமுன் பஸ் தரிப்பில் நிற்கும் சனத்தைப் பாருங்கள். தொழிற்சாலைக்கும் களஞ்சியத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் போகிறவர்கள். அவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். வந்த புதிதில் ஒன்பது வருடம் நானும் அங்கே நின்றவன். என் மனைவி இன்றும் நிற்கிறார். வீட்டில் ஒரு கார்தான். என் வேலை முடிவது நள்ளிரவில், அந்த நேரத்தில் அங்கிருந்து பஸ் இல்லை என்பதால் காரை நான் எடுத்துப் போகிறேன்.

பிள்ளைப் பராமரிப்பு நிலையம் மாலை ஆறு மணிக்கு மூடிவிடும். பிந்தினால் நிமிடக் கணக்கில் காசு. மனைவி ஏறும் பஸ்ஸில் ஐம்பது பேர் இருப்பார்கள். அதற்கு முன்னால் ஐம்பது கார்கள், பெரும்பாலும் காருக்கு ஒருவர். ஒரு காருக்கு ஏழு மீற்றர் என்று வைத்தாலும் அந்த வரிசை 350 மீற்றர். பஸ்ஸுக்கோ இருபது மீற்றரே தாராளம். நெரிசலை உண்டாக்காத ஐம்பது பேர், உண்டாக்கியவர்களோடு சேர்ந்து அதே வரிசையில் நிற்கிறார்கள். வீதி இலவசம் என்று யார் சொன்னது? என் மனைவி ஒவ்வொரு மாலையும் அதற்குக் கட்டணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

வீதியை அகலமாக்கினால் தீருமே என்பார்கள். அகலமாக்கிய வீதி புதிய கார்களைக் கூப்பிடும். சில வருடங்களில் பழைய நெரிசலே திரும்பிவிடும். அதனால்தான் சில நகரங்கள் வீதியைப் பெருப்பிக்காமல் பயணத் தேவையை ஒழுங்குபடுத்தத் தொடங்கின. சிங்கப்பூர் 1975இலேயே நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் கட்டணம் வாங்கியது. லண்டன் 2003இல் தொடங்கியது. ஸ்ரொக்ஹோம் 2006இல் ஏழு மாதம் பரீட்சித்துப் பார்த்தது. நகர எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தொடங்கமுன் எதிர்த்த நகரவாசிகளில் பெரும்பான்மையினர், அதே வருடம் செப்டெம்பரில் நடந்த வாக்கெடுப்பில் அதை ஆதரித்தார்கள்.

எங்கள் ரொறன்ரோவில் நடந்தது என்ன? 2016 டிசம்பரில் நகரசபை, கார்டினர் விரைவுவீதிக்கும் டொன் வலி பார்க்வேக்கும் கட்டணம் அறவிட வாக்களித்தது. அடுத்த மாதமே மாகாண அரசு மறுத்துவிட்டது. அன்று ஆட்சியில் இருந்தது லிபரல் கட்சி. பிறகு வந்த கன்சர்வேட்டிவ் அரசு 2024இல் புதிய வீதிக் கட்டணங்களுக்குச் சட்டம் போட்டே தடை விதித்தது. கட்சி மாறினாலும் பயம் மாறவில்லை. கார் ஓட்டுபவரின் வாக்கு எண்ணப்படுகிறது. பஸ்ஸில் நிற்பவரின் நேரத்தை எண்ணுவார் இல்லை. 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் தடம்புரண்டது, அதன் பிறகு அது ஓடவே இல்லை. அந்தப் பயணிகளையும் பஸ்கள்தான் சுமக்கின்றன. அந்த பஸ்களுக்கு ஒரு தடம் கேட்டால் அதற்குப் பெயர் பறிப்பாம்!

ஏழைக்குக் கட்டணம் பாரமில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நள்ளிரவில் கார் ஓட்டி வீடு திரும்பும் எனக்கும் அது உண்டு. பதில் வரிசைமுறையில் இருக்கிறது. ஸ்ரொக்ஹோமில் கட்டணம் தொடங்கியது 2006 ஜனவரியில். புதிய பஸ் சேவைகள் 2005 ஓகஸ்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டன. முதலில் பஸ், பிறகு கட்டணம். இரவில் அங்கே கட்டணமும் இருக்கவில்லை. பஸ் தராமல் கட்டணம் கேட்டால் அந்தத் தாளில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். ஆனால் இங்கே கேட்பது கட்டணம்கூட இல்லை, ஒரு தடம். எக்ளிங்டன் கிழக்கில் 2020 ஒக்டோபரில் பஸ்ஸுக்குத் தனித்தடம் வந்தது. உலகம் அழிந்துவிடவில்லை.

எங்களுக்குக் கார் என்பது வெறும் வாகனம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பனிக்குள் நின்ற காலம் முடிந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. முதல் காரை வாங்கிய அன்று நானும் அதைக் கோயில் வாசலில் நிறுத்தி, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தவன்தான். ஆனால் நாங்கள் விட்டுவந்த தரிப்பில் இன்று வேறு ஆட்கள் நிற்கிறார்கள். நேற்று வந்த அகதி நிற்கிறார், மாணவர் நிற்கிறார், எங்கள் வயது போன அம்மாமார் நிற்கிறார்கள். நாங்கள் ஏறிவந்த ஏணியை நாங்களே தள்ளிவிடுவது எந்த ஊர் நியாயம்?

அந்தத் தம்பி திரும்ப வந்தால் வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுப்பேன். ஆறு மணிவரை இருக்கச் சொல்வேன். என் மனைவியும் பிள்ளையும் எத்தனை மணிக்கு வாசலுக்கு வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அந்தத் தாளை அவரிடமே நீட்டட்டும்.