கஜானா சாவி யார் கையில்?

மக்கள் வெறுக்கும் போரை நிறுத்த, மக்கள் மன்றம் பணம் தர மறுக்கலாமா? மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். அமெரிக்க அரசியல் சாசனம் படைத் தலைமையை அதிபரிடமும் கஜானா சாவியை மக்கள் மன்றமான காங்கிரஸிடமும் கொடுத்திருக்கிறது. 1973-இல் காங்கிரஸ் அந்தச் சாவியைக் கையில் எடுத்தது. கம்போடியாவில் குண்டு வீசப் பணமில்லை என்று ஜூன் மாதம் மசோதா நிறைவேற்றியது. அதிபர் நிக்சன் அதைத் தடுத்தார். பேரம் நடந்து, ஆகஸ்ட் 15 கெடுவானது. கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கையில், மெகாங் ஆற்றங்கரையின் நியாக் லுவாங் ஊர்மீது பி-52 விமானம் தவறுதலாகக் குண்டுகளைக் கொட்டியது. அமெரிக்காவின் நட்பு அரசு வசமிருந்த ஊர் அது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஜூன் மசோதாவே சட்டமாகியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். கெடு வந்த அன்று குண்டுவீச்சு நின்றது.

2007-இல் ஈராக்கிலிருந்து படைகள் திரும்பக் காலக்கெடு வைத்த நிதி மசோதாவை அதிபர் புஷ் தடுத்தார். அதே மே மாதத்தில் காங்கிரஸ் கெடுவே இல்லாமல் பணத்தை ஒதுக்கியது. களத்தில் நிற்கும் வீரனைக் கைவிடுவதா என்ற கேள்வி காங்கிரஸைப் பணியவைத்தது. வீடு திரும்பும் வழிச்செலவைக் கொடுத்து, போருக்கான பணத்தை நிறுத்துவதே அந்த வீரனுக்குச் செய்யும் நன்றி. வாய் போரைக் கண்டிக்க, கை பணத்தை நீட்டினால் போர் நிற்காது.