பொம்மைக் கணக்கில் போகும் மாடல் கார்கள்: 70% வரி மட்டும்தான் பிரச்சினையா?

ஒரு மாடல் கார் கிட் வாங்கிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கார் இருக்காது. சட்டம் சட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள், நான்கு ரப்பர் டயர்கள், தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர் தாள் ஒன்று, விளக்கத் தாள் ஒன்று. அவ்வளவுதான். பெயின்ட், பசை, கத்தி, உப்புத்தாள் எல்லாம் தனிச் செலவு. 1:24 அளவில் ஒரு காரை ஓரளவு உருப்படியாகக் கட்டி முடிக்க, வேலைக்குப் போகிறவருக்குப் பல வார இறுதிகள் ஆகும்.

வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "இந்த வயசுல பொம்மைக் காரா?" சுங்கத் துறைக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லை. சுங்க வரி அட்டவணையின் 9503 என்ற தலைப்பில் குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிள், பொம்மைகள், புதிர் விளையாட்டுகள் ஆகியவற்றோடு ஸ்கேல் மாடல்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இது உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் பட்டியல்தான். ஆனால் வரி எவ்வளவு என்பதை அந்தந்த நாடுதான் முடிவு செய்கிறது. இந்தியாவில் 20 சதவீதமாக இருந்த பொம்மை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 60 ஆனது; 2023 பட்ஜெட்டில் 70 ஆனது.

வரியை உயர்த்தியதற்குக் காரணம் இருக்கிறது. மலிவான, தரமில்லாத பொம்மைகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. உள்ளூர்த் தயாரிப்பாளர்கள் திணறினார்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானதும் நல்ல விஷயமே. குழந்தை வாயில் வைக்கும் பொருளில் என்ன சாயம் இருக்கிறது என்று அரசு பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பிளேடு போன்ற கத்தியால் வெட்டி, பிளாஸ்டிக்கைக் கரைக்கும் பசையால் ஒட்டி, லாக்கர் பெயின்ட் அடித்து முடிக்கிற ஒரு பொருளைக் கிலுகிலுப்பையோடு சேர்த்து எடை போடுவது எந்தக் கணக்கு?

ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் கேள்விக்கு 2009-லேயே ஒரு பதில் வைத்திருந்தது. அந்த ஆண்டின் பொம்மைப் பாதுகாப்பு விதிகளில், எவை பொம்மைகள் அல்ல என்று ஒரு பட்டியல் உண்டு. நுணுக்கமான ஸ்கேல் மாடல்களும், அவற்றைக் கட்டுவதற்கான கிட்களும் அதில் இருக்கின்றன. 14 வயதுக்கு மேற்பட்ட சேகரிப்பாளர்களுக்கானது என்று பெட்டியில் தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. அது பாதுகாப்பு விதி, வரி விதி அல்ல. ஆனாலும் இரண்டும் வேறு வேறு பொருள்கள் என்பதைச் சட்டமே பிரித்துச் சொல்ல முடியும் என்பதற்கு அது போதுமான சாட்சி.

சப்பாத்தி கனத்துக்குப் பெயின்ட்

பிரச்சினை வரியோடு நிற்கவில்லை. 'பொம்மை' என்று சொன்னவுடன், அந்த மேசையில் நடக்கிற வேலை என்ன என்பதே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

1:24 என்றால் நிஜக் காரின் 24 செ.மீ. இங்கே 1 செ.மீ. பழைய அடி, அங்குலக் கணக்கில் ஒரு அடிக்கு அரை அங்குலம். சுமார் 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசிடர் இந்த அளவில் 18 செ.மீ. ஆகும், மாருதி 800 சுமார் 14 செ.மீ. இதுவரை சுலபம். இனிமேல்தான் தலைவலி. நிஜக் காரில் கதவுக்கும் பாடிக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளி இருந்தால், மாடலில் அது 0.17 மி.மீ. ஏ4 தாள் இரண்டை அடுக்கினால் வரும் கனம்கூட அதற்கு இல்லை. மாடல்மீது 0.1 மி.மீ. கனத்துக்குப் பெயின்ட் விழுந்தால், அளவுப்படி அது நிஜக் காரில் 2.4 மி.மீ. பூச்சுக்குச் சமம். சப்பாத்தி கனத்துக்குப் பெயின்ட் பூசிய கார் எப்படி இருக்கும்? கதவுக் கோடு மூழ்கிப்போகும், கம்பெனி எழுத்து மொழுக்கென்று ஆகிவிடும். அதனால்தான் ஒரே மூச்சில் அடிக்காமல், மெல்லிய பூச்சாகப் பல முறை அடித்து, காயவைத்து, நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மறுபடியும் அடிக்கிறார்கள்.

பசையிலும் இதே கதை. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கான சிமென்ட் ஒட்டுவதில்லை; இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. வெல்டிங் மாதிரி. ஒரு சொட்டு அதிகமானால் பானெட்டில் விரல் ரேகை நிரந்தரமாகப் பதியும். அவசரத்துக்குச் சூப்பர் குளூ வைத்துக் கண்ணாடியை ஒட்டினால், அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெளுத்துவிடும். அனுபவப்பட்டவர்கள் அந்த இடத்துக்குப் ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசையைத்தான் எடுக்கிறார்கள். காய்ந்தால் பசை கண்ணுக்கே தெரியாது.

சென்னை போன்ற கடலோர ஊருக்கென்று தனிப் பாடம் ஒன்று உண்டு. லாக்கர் பெயின்டில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது பெயின்டுக்குள் இறங்கி, மேலே வெள்ளைப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பளபளக்கும் கறுப்பு காருக்கு ஆசைப்பட்டவர்கள் பலர் சாம்பல் காரோடு நிற்பது இதனால்தான். அதற்காக ஏ.சி. அறையைப் பூட்டிக்கொண்டு அடிக்கலாமா என்றால், கூடவே கூடாது. புகை உள்ளேயே சுற்றும். காற்றோட்டமான இடமும், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடியும் இல்லாமல் ஸ்ப்ரே டின்னைத் தொடக் கூடாது. கொரோனா காலத்துத் துணி மாஸ்க் இதற்கு ஆகாது.

இத்தனைக்கும் பிறகு இன்னொரு சங்கடம். ஒரு காரைத் துல்லியமாக 24-ல் ஒன்றாகச் சுருக்கினால், அது அந்தக் கார் மாதிரியே தெரிவதில்லை! நிஜக் காரை நின்ற உயரத்தில் பார்க்கிறோம். மாடலை மேலிருந்து, ஏறக்குறைய மூன்றாவது மாடியிலிருந்து பார்ப்பது போலப் பார்க்கிறோம். நல்ல கிட் வடிவமைப்பாளர்கள் அளவுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு சமரசம் செய்கிறார்கள். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம், 1976-ல் வந்த போர்ஷே 934 மாடலுக்காக ஒரு நிஜ போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கி, முழுசாகக் கழற்றிப் பார்த்தது. இத்தனைக்கும் அந்த நிறுவனம் 1946-ல் மரக்கடையாகத் தொடங்கி, மர மாடல்கள் விற்று, 1960-ல்தான் பிளாஸ்டிக்குக்கு வந்தது. ஒரு காரைப் புரிந்துகொள்ளாமல் அதன் சின்ன உருவத்தைச் செய்ய முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாங்குவது வேறு, கட்டுவது வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இப்போது இளைஞர்களிடம் ஹாட் வீல்ஸ் மோகம் பலமாக இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் திறக்கும் முன்பே வாசலில் நிற்பது, அட்டையைப் பிரிக்காமல் சுவரில் மாட்டுவது, அரிதான ஒன்று சிக்கினால் பல மடங்கு விலைக்கு விற்பது என்று அது ஒரு தனி உலகம். அதில் தப்பில்லை. 1968-ல் அமெரிக்காவில் வந்த ஹாட் வீல்ஸ் நல்ல பொம்மை. ஆனால் அது பொம்மைதான். 1:64 என்று பேச்சுக்குச் சொன்னாலும், ஒரே அளவு அட்டைக்குள் அடங்க வேண்டும் என்பதால் குட்டி மினி காரும் நீள லாரியும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் வரும். அளவே பிசகினால் அது எப்படி ஸ்கேல் மாடல்?

வாங்கி மாட்டுவதில் கிடைப்பது, நம்மிடம் இருக்கிறது என்கிற சந்தோஷம். கட்டுவதில் கிடைப்பது வேறு. ஒரு காரின் இன்ஜின் எங்கே உட்காருகிறது, பின் சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் எப்படிப் பிடிக்கிறது, முன்பக்கம் ஏன் அப்படி வளைகிறது என்பதெல்லாம் கை வழியாகத் தெரியவருகிறது. கட்டுகிறவர்களிடமும் இதே நோய் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கட்டாத கிட் பெட்டிகள் அலமாரியில் நாற்பது, ஐம்பது என்று ஏறும். முடித்த கார் மூன்று இருக்கும். அதை அவர்கள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். ஆனாலும் அந்தப் பெட்டிகளும் ஹாட் வீல்ஸ் அட்டைகளும் ஒரே ரகம்தான்.

பேர் மட்டும் டெட்ராய்ட்

கட்டுவதில் கிடைக்கிற இந்த அறிவை ஒரு கார் கம்பெனி மதித்தால் என்ன ஆகும்? டெட்ராய்ட்டில் அது நடந்திருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸின் பாடி தயாரிப்புப் பிரிவான ஃபிஷர் பாடி, 1930-ல் 'கிராஃப்ட்ஸ்மேன்ஸ் கில்டு' என்று பையன்களுக்கான ஒரு போட்டியைத் தொடங்கியது. முதலில் கொடுத்த வேலை, நிறுவனத்தின் சின்னத்தில் இருந்த நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியின் சிறிய நகலைச் செய்வது. மரம், உலோகம், துணி என்று எல்லா வேலையும் அந்தப் பையனே செய்ய வேண்டும். 1937-லிருந்து சொந்தமாக ஒரு காரைக் கற்பனை செய்து, 1:12 அளவில் மாடலாகச் செய்யலாம் என்றார்கள். பரிசு, கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. 1968 வரை நடந்தது.

1947-ல் அதில் முதல் பரிசு வாங்கிய சக் ஜோர்டன் என்ற இளைஞர் பின்னர் ஜி.எம்.மிலேயே சேர்ந்தார். 1986 முதல் 1992 வரை அந்த நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே துணைத் தலைவராக இருந்தார். போட்டியில் இருந்து வடிவமைப்புத் துறைக்குப் போனவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. அது விளம்பர உத்தியும்தான், பெண் பிள்ளைகளுக்கு அதில் இடமே இல்லை என்பதும் உண்மை. ஆனால் மேசை மேல் மாடல் செய்துகொண்டிருந்த பையனிடம் "எப்போ உருப்படப் போற?" என்று கேட்காமல், படிப்புக்குப் பணம் கொடுத்த ஊர் அது. இவ்வளவு கம்ப்யூட்டர் வந்த பிறகும் பெரிய கார் நிறுவனங்கள் ஒரு புதிய காரைக் களிமண்ணில் செய்து, சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கின்றன.

சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார்கள் வரிசையாக வெளியே வருகின்றன. ஒரு காலத்தில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு தயாரானதும் இதே சென்னையில்தான். டெட்ராய்ட்டிடம் பேரை வாங்கிக்கொண்டவர்கள் அந்தப் போட்டியையும் வாங்கியிருக்கலாம். ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு 1:12 அளவில் ஒரு போட்டி வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு கார் அறிமுக விழாவின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. இந்த முறை பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வரிக்கு வழி இருக்கிறது. உலகப் பொதுப் பட்டியலில் முதல் ஆறு இலக்கங்கள்தான் எல்லா நாட்டுக்கும் ஒன்று. அதன் பிறகு வரும் இரண்டு இலக்கங்களை இந்தியாவே வகுத்துக்கொள்ளலாம். 9503-க்குள்ளேயே கட்டப்படாத மாடல் கிட்களுக்கு ஒரு தனி வரிசை போட்டு, வரியைப் பழைய 20 சதவீதத்துக்குக் கொண்டுவருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. "பொம்மை வியாபாரிகள் பெட்டியில் 14+ என்று அச்சடித்துக்கொண்டு உள்ளே நுழைவார்களே" என்ற ஆட்சேபம் வரும். நியாயமானதுதான். அதனால் வயதை மட்டும் நம்பாமல் பொருளை வைத்து வரையறுக்க வேண்டும்: பெயின்ட் அடிக்காதது, சட்டத்திலிருந்து வெட்டி எடுக்க வேண்டியது, பசையில்லாமல் சேராதது, எந்த அளவில் குறுக்கப்பட்டது என்று பெட்டியில் அச்சிடப்பட்டது. இந்த நான்கும் பொருந்துகிற பொம்மை எதுவும் கடையில் இல்லை.

சம்பளம் வாங்குகிறவர்களின் பொழுதுபோக்குக்கு எதற்குச் சலுகை என்றும் கேட்பார்கள். இன்றைய விலையில் அது அவர்களின் பொழுதுபோக்குதான், மறுப்பதற்கில்லை. ஒரு ஹாட் வீல்ஸ் காரின் விலையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஒரு கிட்டுக்கே போகிறது, பெயின்ட் தனி. தீப்பிடிக்கும் பொருள் என்பதால் ஸ்ப்ரே டின்களை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடும் உண்டு. அதனால் கிட் கைக்கு வந்து பெயின்டுக்குக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கிற ஒரு பையனோ பெண்ணோ இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க முடியாத விலை அது. வரி குறைந்தால் முதலில் பயன்பெற வேண்டியவர்கள் அவர்கள்தான்.

அதுவரை, கையில் கொஞ்சம் காசும் வார இறுதியும் இருப்பவர்கள் தொடங்கலாம். முதல் கிட்டாகக் கனவுக் காரை மட்டும் வாங்க வேண்டாம். அது நிச்சயம் கெட்டுப்போகும். இன்ஜின் இல்லாத, துண்டுகள் குறைவான ஒரு எளிய கார் போதும். துண்டுகளைச் சட்டத்தோடு பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காயவையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போனால்தான் பெயின்ட் பிடிக்கும். நிறம் வெள்ளை அல்லது வெளிர் சாம்பலாக இருக்கட்டும். பளபளக்கும் கறுப்பை மாசி, பங்குனியில் காற்றின் ஈரம் குறைந்த ஒரு நாளாகப் பார்த்துத் தொடலாம்.