வெட்டவெளியில் வீசினாலும் காற்று காற்றுதான்!

யாருமில்லாத வெட்டவெளியில் ஒரு பெருங்காற்று வீசிற்று. இடிந்து விழ அங்கே வீடுகள் அதிகமில்லை. ஆகவே அக்காற்றின் வலிமையைக் குறைத்து எழுதிவிடலாமா? சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார்கள்.

அந்நாட்டின் ஓக்லகோமா மாநிலத்தில், எல் ரீனோ என்னும் ஊரருகே, 2013-ஆம் ஆண்டு மே 31 அன்று 'டொர்னாடோ' எனப்படும் சுழற்காற்று எழுந்தது. அதன் அகலமே 4 கிலோமீட்டருக்கு மேல்! லாரியில் பொருத்திய டாப்ளர் ராடார் ஒன்று அதன் வேகத்தை அளந்தது: மணிக்கு 470 கிலோமீட்டருக்கும் அதிகம்.

ராடார் இதை எப்படி அறிகிறது? ஊதிக்கொண்டே வரும் ரயில் நம்மை நெருங்கும்போது ஒலி கூர்மையாகவும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கிறதல்லவா? ஆஸ்திரிய அறிஞர் டாப்ளர் 1842-இல் வெளியிட்ட தத்துவம் அது. ராடார் அனுப்பும் அலை, காற்றோடு சுழலும் மழைத்துளியிலும் தூசியிலும் பட்டுத் திரும்புகிறது. துளி நெருங்கி வந்தால் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடும், விலகினால் குறையும். அந்த வேறுபாடே வேகத்தைச் சொல்லிவிடும். சாதாரணக் காற்றுமானியை அங்கே நட்டால் மானியே பறந்து போகும்!

ஆனால் சுழற்காற்றைத் தரம் பிரிக்கும் அளவுகோல் வேறு. பேராசிரியர் ஃபூஜிட்டா 1971-இல் வகுத்து, பின்னர் திருத்தப்பெற்ற அது, சேதத்தைப் பார்த்தே 0 முதல் 5 வரை மதிப்பிடும். எல் ரீனோ காற்றுக்கு ராடாரை நம்பி 5 என்றார்கள். ஆகஸ்டில், அதற்கேற்ற சேதம் இல்லையென்று 3 ஆக்கினார்கள். மணிக்கு 266 கிலோமீட்டரைத் தாண்டாத காற்றுக்குரிய தரம் அது!

அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. எல்லாச் சுழற்காற்றின் அருகிலும் ராடார் லாரி நிற்பதில்லை. சிலவற்றை ராடாராலும் பலவற்றைச் சேதத்தாலும் மதிப்பிட்டால், பழைய கணக்கோடு புதியதை ஒப்பிடுவது எப்படி? மேலும், ராடார் பார்ப்பது தரைக்குச் சற்று மேலே வீசும் காற்றை. சுவரில் மோதுவதோ தரைக் காற்று.

ஆயினும் ஒரே கட்டத்தில் இரண்டையும் திணிப்பானேன்? சேதத்துக்கு ஓர் எண், அளந்த வேகத்துக்கு ஓர் எண் என்று பக்கத்தில் பக்கமாக எழுதட்டுமே! குறிப்புரையில் ராடார் அளவு இருக்கிறது என்பார்கள். பட்டியலைப் புரட்டுபவர் கண்ணில் முதலில் படுவது 3 தானே? ராடார் அளந்த சுழற்காற்றுகள் சேதம் காட்டும் தரத்தைவிடப் பெரும்பாலும் வலியவை என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வும் கூறுகிறது. அதே காற்று நாளை ஊருக்குள் நுழைந்தால் என்ன ஆகும்?

அன்று எட்டுப் பேர் மாண்டனர். அவர்களுள் மூவர் சுழற்காற்றை ஆராயச் சென்ற டிம் சமாராஸ், அவர் மகன் பால், உடன் சென்ற கார்ல் யங். எட்டுப் பேரும் இறந்தது வாகனங்களில். இடிந்த வீடுகளில் அல்ல.