பொண்ணோட அம்மாவுக்கும் கொஞ்சம் போட்டு விடுங்க!

தொட்டியத்தில் ஒரு முகூர்த்த நாள். கல்யாண மண்டபத்து மணமகள் அறையில் விடியற்காலை மூன்று மணிக்கே லைட் எரிகிறது. பியூட்டி பார்லரிலிருந்து வந்திருக்கும் பெண் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்து, மணப்பெண்ணின் முகத்தில் இரண்டு மணி நேரம் வேலை பார்க்கிறார். பெண்ணின் அம்மா அதற்குள் சமையல்காரர், ஐயர், சம்பந்தி வீட்டு காபி என்று பத்துத் தடவை மாடி ஏறி இறங்கியாகிவிட்டது. கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் யாருக்காவது ஞாபகம் வரும். "அம்மாவுக்கும் கொஞ்சம் போட்டு விடுங்க!"

"உக்காருங்கக்கா, கண்ணுக்குக் கீழே ரொம்பக் கருப்பா இருக்கு, மறைச்சு விட்டுடறேன்" என்கிறார் பார்லர் பெண். மகளுக்குப் போட்டது போக மிச்சமிருக்கும் கன்சீலரை அதே ஸ்பான்ஜால் எடுத்துத் தடிமனாக ஒரு பூச்சு, அதன் மேல் பவுடர். வேலை முடிந்தது.

ஆல்பம் வந்த பிறகுதான் வில்லங்கம். கண்ணுக்குக் கீழே இரண்டு வெள்ளைப் பிறை. பிறைக்குள் வறண்ட வயல் மாதிரி கோடுகள். மேக்கப் போடாத பெரியம்மா பக்கத்தில் நின்று இளமையாகச் சிரித்துக்கொண்டிருப்பார்!

பழியை எல்லோரும் அம்மாவின் வயதின் மேல் போட்டுவிடுகிறார்கள். அது அநியாயம். இருபத்திரண்டு வயதுத் தோலுக்கு உள்ள வேலையை ஐம்பது வயதுத் தோலில் செய்ததுதான் தப்பு.

கீழ் இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லிய தோல்களில் ஒன்று. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே குறைவு. வயது ஏற ஏற, தோலை இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜன் குறைகிறது. கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு சிலருக்கு முன்னே பிதுங்கிப் பை மாதிரி தொங்கும். சிலருக்குக் கன்னத்துச் சதை கீழே இறங்கி, கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு பள்ளம் விழும். ஆக, 'கருவளையம்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று நிறம், இன்னொன்று நிழல். நிறத்தை நிறத்தால் சரிக்கட்டலாம். நிழலை முடியாது. மண்டபத்து உச்சி லைட் தலைக்கு மேலிருந்து அடிக்கும்போது பள்ளத்தில் நிழல் விழத்தான் செய்யும். ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தால் போதும். வெளிச்சம் நேராக விழுந்தவுடன் மறைந்துவிட்டால் அது நிழல். மறையாமல் நின்றால் நிறம்.

நிறத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம்மூர்த் தோலில் அந்த இடம் பழுப்பாகவோ நீலம் கலந்தோ இருக்கும். அதன் மேல் நேரடியாக வெளிர் நிறத்தைப் பூசினால் வெள்ளையாகாது, சாம்பலாகும். விபூதியைக் குழைத்துத் தடவிய மாதிரி! முதலில் ஆரஞ்சு சாயல் உள்ள கரெக்டரைக் கருப்பான இடத்தில் மட்டும் தொட்டு வைக்க வேண்டும். பிறகு முகத்தின் நிறத்திலேயே கன்சீலர். இரண்டு ஷேடு வெளுப்பாக எடுப்பதுதான் இங்கே பரம்பரை வியாதி. பை மாதிரி வீங்கிய கண்ணில் வெளிர் நிறம் பட்டால் வீக்கம் இன்னும் முன்னே வந்து நிற்கும். அங்கே பையின் மேல் எதுவும் வேண்டாம், பைக்குக் கீழே இருக்கும் நிழல் கோட்டில் மட்டும் ஒரு மெல்லிய இழுப்பு போதும்.

அளவு? ஒரு கண்ணுக்கு ஒரு அரிசி. அவ்வளவுதான். பத்து நிமிஷம் முன்னாடியே மாய்ச்சரைசர் தடவித் தோல் குடிக்க விட்டு, மேலே நிற்கும் பிசுக்கை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். அந்த அரிசியை உள்மூலையில் கொஞ்சம், வெளிமூலையில் கொஞ்சம் வைத்து மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரத்த வேண்டும், தேய்க்கக் கூடாது. ஒரு நிமிஷம் பொறுத்தால் கோடுகளில் போய்த் தேங்கியது தெரியும். அதை வெறும் விரலால் ஒற்றிவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் துளி பவுடர். சிலிகா கலந்த சில வெள்ளைப் பவுடர்கள் நேரில் கண்ணுக்கே தெரியாது, ஃபிளாஷ் அடித்தவுடன் பளீரென்று தெரியும். ஆல்பத்தில் வந்த அந்தப் பிறைகள் பல நேரம் இதனால்தான். செல்போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்க ஐந்து விநாடி ஆகுமா?

படிக்கக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். பிளஸ் பவர் லென்ஸ் கண்ணோடு சேர்த்து அந்தக் கோடுகளையும் பெரிதாக்கிக் காட்டும். அவர்களுக்குப் பாதி அரிசி போதும். அப்புறம், தாரை வார்க்கும்போது எந்த அம்மாதான் அழாமல் இருக்கிறார்? தடிமனான பூச்சில் கண்ணீர் வாய்க்கால் வெட்டும். மெல்லிய பூச்சில் ஒற்றி எடுத்தால் தெரியாது. கண் மையையும் கீழ் இமையில் தீட்டாமல் விடுவது நல்லது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து உலர்த்திய துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டு எரித்துப் புகை பிடித்த வீட்டு மையானாலும் சரி, கடையில் வாங்கிய பென்சிலானாலும் சரி, தொட்டியத்து வெயிலில் ஒரு மணி நேரத்தில் வழிந்து புதுக் கருவளையம் போட்டுவிடும்.

"பேரன் பேத்தி எடுக்கிற வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் மாமாக்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய தலைமுடிச் சாயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை :-) ஐம்பது வயதுப் பெண் படத்தில் நன்றாக இருக்க ஆசைப்படுவதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆசையை 'வெளுப்பு' என்ற ஒரே சரக்காக மாற்றி விற்பது வேறு கணக்கு. ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ரியானாவின் ஃபென்டி பியூட்டி 2017இல் 40 ஷேடுகளோடு ஃபவுண்டேஷன் இறக்கியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த மாற்றம் சின்ன ஊர்க் கடை அலமாரிக்கு வந்து சேர நாளாகும் போலிருக்கிறது. கருவளையத்துக்கு என்று பெயர் தெரியாத வெளுப்பு கிரீம் வாங்கித் தடவுவது இன்னும் ஆபத்து. 2023இல் கேரளாவின் மலப்புரம் பகுதியில் பாதரசம் கலந்த அத்தகைய கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது செய்தியாக வந்தது.

எல்லாவற்றையும் விட உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க முதலில் கீழ் இமையைத்தான் இழுத்துப் பார்ப்பார். உட்புறம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் சந்தேகம். 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! கருவளையம் எல்லாமே ரத்தசோகை இல்லை. பரம்பரையாக வரும், தூக்கம் கெட்டால் அதிகமாகும், அரிப்பில் கண்ணைக் கசக்கியும் வரும். ஆனால் முகம் வெளிறும்போது அந்தக் கருப்பு எடுப்பாகத் தெரியும். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து மிச்சம் மீதியைச் சாப்பிட்டே பழகிய அம்மாவின் கண்ணுக்குக் கீழே ஸ்பான்ஜை வைக்கிறவர், வீட்டில் முதல்முறையாக அந்த இடத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும் ஆளாகக் கூட இருக்கலாம். "மூச்சு வாங்குதாக்கா? ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்க எந்த டிப்ளமோவும் வேண்டாம். தொட்டியத்திலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது.

இனி கல்யாண வீட்டில் பார்லருக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே அம்மாவுக்கும் அரை மணி நேரம் சேர்த்துப் பேசிவிடுவது நல்லது. அதுவும் மகளுக்கு முன்னால், மாடிப்படி ஏறி இறங்க ஆரம்பிப்பதற்குள்.