முகம் பார்த்து மனம் சொல்லலாமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை அன்பர் ஒருவர் இல்லத்தில் காதணி விழா. விருந்து முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி அமர்ந்திருந்தோம். அருகே இளைஞர் சிலர் கைப்பேசியில் ஓர் அரசியல் தலைவரின் மேடைப் பேச்சைப் பார்த்துக்கொண்டிருந்தனர். "இவருக்கு மனநோய்தான், கண்ணைப் பார்த்தாலே தெரியவில்லையா?" என்றார் ஒருவர். "நோயன்று, பிறவிக் கொடூரம்" என்றார் மற்றொருவர். அரை நிமிடப் படத்தைக் கொண்டு ஒரு மனிதரின் அகமும் புறமும் அளந்து முடிந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, தாங்கள் என்ன கருதுகிறீர்கள்?" என்று கேட்டனர். நான் அன்று விடை கூறவில்லை. கூறாமைக்குக் காரணம் உண்டு. அதனை இம்மாதம் நேயர்கள் முன் வைக்கிறேன்.

1991ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் ராஜீவ் காந்தி திருப்பெரும்புதூரில் கொல்லப்பட்டார். அந்த வெடிப்பில் உயிரிழந்த புகைப்படக்காரர் ஒருவரின் கருவி சிதையாமல் கிடைத்தது. அதிலிருந்த படங்களே புலன்விசாரணைக்கு முதல் விளக்காயின. கையில் மாலையுடன் ஒரு பெண் நிற்கிறாள். அவளுடைய பெயர் தணு என்று பின்னர் உலகம் அறிந்தது. தலைவருக்கு மாலையிடக் காத்திருக்கும் எத்தனையோ பெண்களுள் ஒருத்தி போலவே அவள் தோன்றுகிறாள். மற்றொரு படத்தில் வெண்ணிற உடையணிந்த ஒருவர், அவரே சிவராசன். அவருக்கு ஒரு கண் இல்லை என்ற செய்தி வீடுதோறும் பரவியது.

அந்நாளில் பெங்களூரில் வாழ்ந்த நம் குடும்பங்கள் பட்ட பாடு, உடனிருந்தவர்களுக்குத் தெரியும். வாடகைக்கு வீடு கேட்கச் சென்றால், "எந்த ஊர்த் தமிழர்?" என்பதே முதல் வினாவாக இருந்தது. பேருந்தில் உரக்கத் தமிழ் பேசவும் பலர் தயங்கினர். பிறர் நம்மை ஐயத்தோடு பார்க்கின்றனரே என்று வருந்திய நான், அதே ஐயத்தை என் கண்ணிலும் ஏந்தித் திரிந்தேன் என்பதைச் சொல்ல இன்றும் நாணுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு சிறிய அறையில் ஓர் இளைஞர் குடியிருந்தார். யாருடனும் அதிகம் பேசமாட்டார். இரவு வெகுநேரம் கழித்தே திரும்புவார். ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஒருநாள் இடக்கண்ணில் கட்டுடன் வந்தார். எனக்கு அது போதுமாயிற்று! அவருடைய மௌனம் வஞ்சகமாகவும், தாமதம் சதியாகவும், பணிவு நடிப்பாகவும் தோன்றின. வீட்டுக்காரரிடம் சென்று, "இவர் முகத்தில் ஏதோ மறைவு இருக்கிறது" என்றேன். மறுநாளே இளைஞர் பெட்டியுடன் வெளியேற்றப்பட்டார். அவர் தருமபுரிப் பக்கத்தவர். பீணியாவில் லேத்துப் பட்டறைத் தொழிலாளி. வேலையின்போது இரும்புத் துகள் தெறித்துக் கண் புண்பட்டிருந்தது. இவற்றையெல்லாம் அவர் போன பிறகே அறிந்தேன். முன்னரே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அறிந்திருக்கலாம். இடையே இருந்த தொலைவு நாற்பது அடிதான்.

அம்மாதம் 20ஆம் நாள் விடியலில், நகரின் தெற்கெல்லையில் கோணனகுண்டேயில் போலீசார் சூழ்ந்திருந்த ஒரு வீட்டினுள் சிவராசனும் சுபாவும் உள்ளிட்ட ஏழு பேர் உயிரற்றுக் கிடந்தனர். போலீசாரை அவ்வீட்டு வாயிலில் கொண்டு நிறுத்தியது முகக்குறி சாத்திரம் அன்று. விசாரணையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்த செய்திகளே.

நிற்க. தொலைவிலிருந்து மனிதரை அறிய முயல்வது முற்றிலும் வீண் என்று சொல்ல வரவில்லை. அறிஞர் சிலர் அதை முறையான கலையாகவே பயின்றிருக்கின்றனர். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், வால்டர் லாங்கர் என்னும் உளப்பகுப்பாய்வாளர், தாம் ஒருமுறையும் சந்தித்திராத இட்லரைப் பற்றி அமெரிக்க உளவுத்துறைக்கு அறிக்கை எழுதினார். இட்லரின் பேச்சையும் எழுத்தையும் ஆராய்ந்து, அவரை நேரில் அறிந்தோரையும் வினவி எழுதப்பட்ட அறிக்கை அது. தோல்வி நெருங்கினால் இட்லர் தற்கொலை செய்துகொள்வதே பெரிதும் நிகழக்கூடியது என்று அதில் கூறினார். 1945இல் அவ்வாறே நிகழ்ந்தது. ஆயினும் அதே அறிக்கை இட்லரின் அந்தரங்க வாழ்வைப் பற்றிக் கூறிய சிலவற்றை வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை. ஆழ்ந்து கற்றவரின் கணிப்பிலேயே பொன்னும் பித்தளையும் கலந்திருக்கின்றன.

1978இல் கேம்ப் டேவிட்டில் எகிப்தின் சாதாத்தும் இஸ்ரேலின் பெகினும் சமாதானம் பேசக் கூடியபோது, ஜெரால்டு போஸ்ட் என்ற மனநல மருத்துவரின் குழு அவ்விருவரின் இயல்புகளையும் எழுதி அதிபர் கார்ட்டரிடம் தந்திருந்தது. அக்குழு நோய்ப்பெயர் சூட்டி நின்றுவிடவில்லை. இவர் எதற்கு இணங்குவார், எதற்குச் சினப்பார், எவ்விதம் முடிவெடுப்பார் என்பதே அவர்களுடைய தேடல். ஒரு மனிதரோடு உடன்பாடு காண்பதற்காக அவரை அறிய முயல்வது ஒன்று. அவரை ஒதுக்குவதற்காகப் பெயர் சூட்டுவது வேறொன்று.

இரண்டாவதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1964இல் பாரி கோல்ட்வாட்டர் அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்டார். 'ஃபேக்ட்' என்னும் இதழ் 12,356 மனநல மருத்துவர்களுக்கு, அவர் அப்பதவிக்கு மனத்தளவில் தகுதியுடையவரா என்று வினா அனுப்பியது. 2,417 பேர் விடை எழுதினர். அவர்களுள் 1,189 பேர் தகுதியற்றவர் என்றனர். அந்த எண்ணையே இதழ் பெரிய எழுத்தில் வெளியிட்டது. அவர்கள் கோல்ட்வாட்டரைச் சோதித்துப் பார்த்து விடை எழுதியவர்கள் அல்லர். அவர் தேர்தலில் தோற்றார். பின்னர் அவதூறு வழக்கில் வென்று 75,000 டாலர் தண்டத்தொகை பெற்றார். 1969 முதல் 1987 வரை மீண்டும் செனட்டராக இருந்து பணியாற்றினார். நேரில் ஆராயாமலும் உரியவரின் இசைவு பெறாமலும் எந்தப் பொதுவாழ்வினரைப் பற்றியும் மருத்துவக் கருத்துரைப்பது முறையன்று என அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் விதி வகுத்தது.

நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவரின் அரசியல் நிலையையோ, அவர் சார்ந்த இனத்தையோ, மதத்தையோ கொண்டு அவருக்கு மனநோய் உண்டென்று முடிவு செய்யலாகாது என்கிறது. நம் நகரின் நிமான்ஸ் மருத்துவமனைக்கு உறவினரை அழைத்துச் சென்றவர்கள் அறிவர்: அங்கே மருத்துவர் பொறுமையாக அமர்ந்து கேட்கிறார், வீட்டாரையும் விசாரிக்கிறார், அதன் பின்னரே சொல்கிறார். அங்கே மருந்து பெற்று, பிறர்க்கு ஓர் ஊறும் செய்யாமல் வாழ்வோர் எத்தனையோ பேர். கொடுமை செய்பவரை 'மனநோயாளி' என்று வைவது, குற்றமற்ற அவர்களை அன்றோ இழிவுபடுத்துகிறது!

தீவிரவாதிகளுக்கென்று தனியொரு மனவார்ப்பு இருக்கும் என்று நெடுநாள் தேடிய ஆய்வாளர்களும் அப்படியொன்றைக் காணவில்லை. இலங்கையில் 2009இல் போர் முடிந்தபின், தடுத்துவைக்கப்பட்டிருந்த முன்னாள் புலிகளிடம் உளவியலாளர் சிலர் வினவி ஆராய்ந்தனர். அவமானமும் மதிப்பிழந்த உணர்வும் மிகும்போது, ஐயத்துக்கு இடமற்ற உறுதியான விடையொன்றை மனம் அவாவுகிறது. அந்த அவாவே தீவிரக் கருத்துகளுக்கு வழி திறக்கிறது என்று அவர்கள் எழுதினர். இதைப் படித்தபோது திடுக்கிட்டேன். 1991இல் என்னைப் பிடித்திருந்தது அந்த அவாவே அன்றோ? அவமானத்திலும் அச்சத்திலும் இருந்த நான், உறுதியான ஒரு விடையை வேண்டினேன். கண்ணில் கட்டுடன் வந்தவர் எனக்கு விடையாகிவிட்டார்.

அவ்வாறாயின் அரசியல் மனிதரை நாம் எடை போடவே கூடாதா? வாக்களிப்பவர் எடை போட்டே தீரவேண்டும். வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். நிறையையும் குறையையும் இரு தட்டுகளில் இட்டுப் பார்க்கச் சொன்ன அவர், செயலையே உரைகல்லாகக் கொண்டார். ஒருவர் என்ன செய்தார், சொன்னதைக் காத்தாரா, எளியவரை எவ்வாறு நடத்தினார் என்பவை தொலைவிலிருந்தும் காணத்தக்கவை. அவருடைய உள்ளத்தில் என்ன இருந்தது என்பது அவ்வாறு காணத்தக்கதன்று. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் செய்தியாளரைச் சந்தித்த பிரபாகரன், ராஜீவ் கொலையைத் 'துன்பியல் சம்பவம்' என்றார். அது வருத்தமா, நழுவலா என்று தமிழர் இன்றளவும் வாதிடுகின்றனர். இரண்டு சொற்களுக்குள் ஒரு மனத்தைத் தேடினால் தேடுபவரின் மனமே தென்படும். கொலைக்குப் பொறுப்பு எவருடையது என்பதோ வேறு. அது சான்றுகளால் விசாரிக்கத்தக்கது.

இன்னொன்றையும் இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன். 2000இல் வீரப்பன் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திச் சென்று 108 நாட்கள் காட்டில் வைத்திருந்தபோது, அந்த ஒருவரின் குணத்துக்கு இந்நகரத் தமிழர் அனைவரும் விடை சொல்ல வேண்டுமோ என்று நாம் அஞ்சியிருந்தோம். நமக்கு அது நீதியன்று எனில், பிறரிடத்தும் அது நீதியன்று. ஒரு தலைவரின் குணத்தை அவர்தம் மொழியினர் மீதோ மதத்தினர் மீதோ நாம் ஏற்றிப் பேசலாகாது.

அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் துணியால் மூடப்பட்டு நின்று, 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது. அவ்வழியே நடக்கும் போதெல்லாம் அந்த இளைஞரை நினைக்கிறேன். அவரை நான் மீண்டும் காணவில்லை. கண் நலமாயிற்றா என்பதும் தெரியாது. காதணி விழாவில் என்னிடம் வினவிய இளைஞர்களுக்கு என் விடை இதுவே: அந்தத் தலைவரின் செயலைப் பற்றிக் கேளுங்கள், அறிந்ததைச் சொல்கிறேன். அவர் மனத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்; நாற்பது அடியில் இருந்தவரையே நான் அறியவில்லை.