பன்னிரண்டாம் மட்டத்துக்கும் ஒரு கடந்தகால வினாத்தாள்
கலாநிதிப் பட்ட நேர்முகப் பரீட்சை குறித்துக் கல்குடாவின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பட்டப்பின் படிப்புகளை நடத்தும் பல்கலைக்கழகங்களும் நிறுவகங்களும்.
முன்வைப்போர்: கல்குடாத் தொகுதியின் பட்டதாரிகள், ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், அவர்களை ரயிலேற்றிவிடும் குடும்பத்தார்.

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் க.பொ.த. உயர்தரம் இரண்டாம் மட்டம். கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாம் மட்டம். இரண்டாம் மட்டத்துக்குத் தயாராகும் பிள்ளைக்கு வாழைச்சேனைப் புத்தகக் கடையிலேயே கடந்தகால வினாத்தாள் கிடைக்கிறது. புள்ளித்திட்டம் கிடைக்கிறது, கருத்தரங்கு நடக்கிறது. பன்னிரண்டாம் மட்டத்துக்குப் போகிறவருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. நேர்முகக் குழு என்ன கேட்கும், எதற்கு எத்தனை புள்ளி, ‘முறையியல் போதாது’ என்று சொன்னால் அதன் பொருள் என்ன என்பதெல்லாம் கம்பஸுக்குள் ஆள் தெரிந்தவருக்கே தெரியும். மற்றவர்கள் வெறுங்கையோடு போகிறார்கள்.

எங்களிடம் ஆய்வுக்குரிய கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. வைக்கோலைக் கடதாசியாக்கிய வாழைச்சேனை ஆலையை நம்பியிருந்த குடும்பங்களின் வாழ்க்கை பிறகு எப்படிப் போனது? பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழுந்தபின் கரைவலைக்காரரின் கரை எவ்வளவு சுருங்கியது? வாகரைப் பக்கத்துக் கரையோர வேடரின் பேச்சில் இன்னும் மிஞ்சியிருப்பது என்ன? ஊர்க் கேள்வி உயர்ந்த ஆய்வாகும் என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மேடைக்குக் கொண்டுபோன மட்டக்களப்புக் கூத்தில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னர் அந்த மரபுவழி நாடகங்களையே தம் கலாநிதிப் பட்ட ஆய்வாக்கினார்.

வந்தாறுமூலை மகா வித்தியாலய வளவில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் எங்கள் வாசலில் இருக்கிறது. வாசல் பக்கத்தில் இருந்தும் படியேறும் வழி தெரியாமல் நிற்பவர்களின் சார்பில் இவற்றைக் கோருகிறோம்.

1. புள்ளித்திட்டம் வெளியிடப்பட வேண்டும். முன்மொழிவின் தரம், முறையியல், துறை அறிவு, நடைமுறைச் சாத்தியம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எத்தனை புள்ளி என்பது விண்ணப்ப அறிவித்தலிலேயே இருக்க வேண்டும். மூடிய அறையில் நடக்கும் நேர்முகத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது இந்தியாவில் நீதிமன்றம் வரை போன கேள்வி. அங்கே கலாநிதிப் பட்டச் சேர்க்கைக்கான 2016 விதிமுறை, எழுத்துத் தேர்வைத் தகுதிகாண் கட்டமாக மட்டும் வைத்துத் தெரிவை நேர்முகத்திடம் ஒப்படைத்தது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 2022 விதிமுறையின்படி நுழைவுத் தேர்வு வழியான சேர்க்கையில் எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30. எங்களுக்கும் அப்படியொரு வெளிப்படையான கணக்கு வேண்டும்.

2. அழைப்புக் கடிதம் மூன்று வாரம் முன்னதாக வர வேண்டும். வியாழன் கையில் கிடைத்த கடிதம் திங்கள் காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்ன அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. பாடசாலையில் லீவு எடுக்க வேண்டும். பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்கு இரவு ரயிலில் கண்விழித்து வந்து, நிலையத்துக் குழாயில் முகம் கழுவிச் சேலையைச் சரிசெய்துகொண்டு குழுமுன் நிற்பவருக்கும், வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வருபவருக்கும் கிடைப்பது அதே பதினைந்து நிமிடம். தூரத்திலிருந்து வருவோருக்குப் பிற்பகல் நேரம் ஒதுக்குங்கள். சூம் வழியாகத் தோன்றும் உரிமையும் கொடுங்கள்.

3. மொழி முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று என்பதை 1987இன் 13ஆம் திருத்தம் உறுதிசெய்தது. ஆய்வேட்டைத் தமிழில் எழுத இடமுள்ள துறையில் நேர்முகமும் தமிழில் நடக்கட்டும். ஆங்கிலம் அவசியமான துறையானால் அதை அறிவித்தலிலேயே சொல்லுங்கள். நாங்கள் படித்துக்கொண்டு வருகிறோம். தமிழில் தெளிவாகத் தொடங்கியவரை இடைமறித்து, ‘தம்பி, இதை இங்கிலீஷில சொல்லுங்க பாப்பம்’ என்றதும் அவர் தடுமாறுகிறார். அந்தத் தடுமாற்றத்துக்கு, ‘துறை அறிவு போதாது’ என்று புள்ளி போடக் கூடாது.

4. கேட்கக் கூடாத கேள்விகளின் பட்டியல் வேண்டும். ‘கலியாணம் முடிச்சிட்டீங்களா? பிள்ளை பிறந்தா ஆய்வு என்னாகும்? வீட்டுக்காரர் சம்மதமா?’ பெண்களிடம் மட்டுமே கேட்கப்படும் இவை எழுத்தில் தடைசெய்யப்பட வேண்டும். ‘யார்ர ஆள் நீங்க?’ என்பதும் அந்தப் பட்டியலில் சேரட்டும்.

5. மேற்பார்வையாளர் விபரம் பொதுவில் வேண்டும். யாரிடம் எத்தனை இடம் உண்டு, எந்தத் துறையில் என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். மேற்பார்வையாளரைத் தேடிக்கொண்டு வரும்படி சொல்லிவிட்டு, தேடும் இடத்தை மறைத்துவைப்பது நியாயமல்ல.

6. நிராகரிப்புக்கு எழுத்தில் காரணம் வேண்டும். புள்ளிகளும், திருத்த வேண்டியவை பற்றிய ஒரு பக்கக் குறிப்பும் ஒரு மாதத்துக்குள் கிடைக்க வேண்டும்.

7. பணத்தைத் தகுதியாக்கக் கூடாது. 1945இல் வந்த இலவசக் கல்வி முதற்பட்டத்தோடு நின்றுவிடுகிறது, அதற்குமேல் கட்டணம். ‘காசுக்கு என்ன செய்வீங்க?’ என்ற கேள்வியை நேர்முக அறையிலிருந்து எடுத்துவிட்டு, தெரிவானவர்களுக்குப் புலமைப்பரிசில் வழியைக் காட்டுங்கள்.

8. ஒத்திகைக் குழு அமைக்க வேண்டும். ஆண்டுக்கு இரு தடவை வந்தாறுமூலையில் மாதிரி நேர்முகமும், முன்மொழிவு எழுதும் பயிற்சியும் நடக்கட்டும். பட்டம் பெற்று வெளியேறியவர்களுக்கும் நூலகத்தின் ஆய்விதழ்கள் திறந்திருக்கட்டும்.

இவை கிடைக்கும்வரை நாங்களும் சும்மா இருக்கப்போவதில்லை. வேறொருவர் எழுதிய முன்மொழிவைக் கையில் ஏந்திக் குழுமுன் போக மாட்டோம். வாசிக்காத நூலை வாசித்ததாகச் சொல்ல மாட்டோம். தெரியாததைத் ‘தெரியாது, ஆனால் இப்படித் தேடுவேன்’ என்று சொல்லப் பழகுவோம். நேர்முகத்துக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொருவரும், தெரிவானாலும் ஆகாவிட்டாலும், தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகளை அன்றிரவே எழுதி அடுத்தவருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். அந்தக் கொப்பியில் இப்போதைக்குச் சில பக்கங்களே நிரம்பியுள்ளன. அடிக்கடி வரும் கேள்விகள் மூன்று: இது ஏன் இன்னும் தெரியவில்லை? தெரிந்துகொள்ள என்ன செய்வீர்கள்? உங்கள் எண்ணம் பிழையென்றால் அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

நல்ல கேள்விகள்தான். இவற்றைச் சந்திக்க எங்களுக்குப் பயமில்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகப் பதில் சொல்லியிருப்போம்.