திரும்பி வராத ஆறு பேர்

எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். முதல் செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. விடுதியில் அவன் கட்டில் பத்து நாள் காலியாகக் கிடந்தது. பிறகு வேறொருவன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். என்ன ஆயிற்று என்று கேட்டு நாங்கள் ஒரு தபால் அட்டைகூடப் போடவில்லை. முப்பது வருடம் ஆகியும் அது எனக்கு உறுத்துகிறது.

கறுப்பின மாணவர்களின் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா சங்கம் பிறந்த கதையைப் படித்தபோது அந்தக் கட்டில்தான் கண்முன் வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரில் இருக்கிறது கார்னெல் பல்கலைக்கழகம். 1904-05 கல்வியாண்டில் அங்கே படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பவில்லை. மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் இருந்த இடத்தில் ஆறு பேர்!

அந்தக் காலத்தில் கார்னெலில் ஆண்களுக்கு விடுதி கிடையாது. மலைமேல் கல்லூரி, அதைச் சுற்றி ‘ஃபிரட்டர்னிட்டி’ எனப்படும் மாணவர் சங்கங்களின் வீடுகள். சாப்பாடு, படுக்கை, பழைய கேள்வித்தாள், சீனியர்களின் துணை எல்லாம் அங்கேதான் கிடைக்கும். கறுப்பின மாணவர்களுக்கு அந்தக் கதவுகள் திறக்கவில்லை. அவர்கள் மலையடிவாரத்தில், கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் அறை எடுத்துத் தங்கினார்கள். சிலர் அதே சங்க வீடுகளில் பரிமாறும் வேலை பார்த்துப் படித்தார்கள். பந்தியில் உட்கார இடமில்லை, பரிமாற மட்டும் இடமுண்டு. இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மிஞ்சியவர்கள் 1905-06இல் கூடிப் படிக்க ஆரம்பித்தார்கள். வேளாண்மை படித்துக்கொண்டிருந்த சார்லஸ் பாயின்டெக்ஸ்டர் அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தார். இலக்கியம் பேசுவது, பாடத்தில் ஒருவருக்கொருவர் உதவுவது என்று போனது. அதற்குள்ளேயே ஒரு விவாதம் எழுந்தது. இலக்கியக் கழகமாகவே இருந்துவிடலாமா, வெள்ளை மாணவர்களிடம் இருப்பதுபோல் கிரேக்க எழுத்தும் சடங்கும் உறுதிமொழியும் கொண்ட சங்கமாக மாறலாமா? பாயின்டெக்ஸ்டர் இலக்கியக் கழகத்தின் பக்கம் நின்றார். நம்மை ஒதுக்கியவர்களின் அச்சில் நாம் ஏன் வார்க்கப்பட வேண்டும் என்று எனக்கும் முதலில் தோன்றியது. யோசிக்க யோசிக்க, சங்கமாக மாறலாம் என்றவர்கள் சொன்னதே சரி என்று படுகிறது. படிப்பு வட்டம் தேர்வு முடிந்ததும் கலைந்துவிடும். உறுதிமொழி எடுத்தவனோ, சகா கல்லூரிக்கு வரவில்லையென்றால் தேடிப்போகக் கடமைப்பட்டவன். அந்தக் கடமையைத்தான் அவர்கள் விரும்பினார்கள் என்று நினைக்கிறேன்.

1906 டிசம்பர் 4 அன்று சங்கம் பிறந்தது. நிறுவியவர்களாக இன்று எண்ணப்படுவோர் ஏழு பேர்: காலிஸ், சாப்மன், ஜோன்ஸ், கெல்லி, மரே, ஓகிள், டாண்டி. பாயின்டெக்ஸ்டர் அந்த வரிசையில் இல்லை. முதல் அடுப்பைப் பற்றவைத்தவருக்கு அங்கே இடமில்லாதது எனக்கு வருத்தமே.

மறு ஆண்டு டிசம்பரில் யூஜின் கின்கிள் ஜோன்ஸ் தெற்கே போனார். வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ‘பீட்டா’ கிளை, ரிச்மண்டில் வர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகத்தில் ‘காமா’ கிளை. ரிச்மண்ட் அவர் பிறந்த ஊர், அப்பா அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் பேராசிரியர். டிசம்பரில் சொந்த ஊருக்குப் போன பிள்ளை அங்கே ஒரு கிளையை ஊன்றிவிட்டு வந்திருக்கிறார்! பின்னாளில் கறுப்பின மக்களுக்கான தேசிய நகர்ப்புறச் சங்கத்தை (நேஷனல் அர்பன் லீக்) நெடுங்காலம் நடத்தியவரும் இவரே. டாண்டி கட்டடக் கலைஞரானார். கறுப்பினத் தொழிலதிபர் மேடம் சி. ஜே. வாக்கருக்கு அவர் வடிவமைத்த மாளிகை இன்றும் நிற்கிறது. காலிஸ் மருத்துவரானார்.

1952இல் பாஸ்டனில் படித்துக்கொண்டிருந்த மார்ட்டின் லூதர் கிங் இந்தச் சங்கத்தில் சேர்ந்தார். வாஷிங்டனில் அவருக்கு நினைவகம் வேண்டும் என்று 1984இல் பேச்செடுத்ததும் இதே சங்கம்தான். அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி தர, நிதி திரட்டப்பட்டு, 2011இல் அது திறக்கப்பட்டது. இருபத்தேழு வருடம் விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

இத்தகைய சங்கங்களில் புதியவர்களை வதைக்கும் வழக்கம் அமெரிக்காவில் பல பிள்ளைகளின் உயிரைக் குடித்திருக்கிறது. அதை எந்தப் பெருமையும் மறைக்கக் கூடாது. துணைக்கு ஆளில்லாமல் தவித்தவர்கள் கண்டெடுத்த வடிவத்தில், துணை தேடி வருகிறவனை அடிப்பதைவிடப் பெரிய துரோகம் கிடையாது.

கிரேக்க எழுத்துகளை வரிசையாகக் கிளைகளுக்குச் சூட்டியவர்கள், கடைசி எழுத்தான ‘ஒமேகா’வை எந்தக் கல்லூரிக்கும் கொடுக்கவில்லை. அது இறந்த சகோதரர்களின் கிளை. ஏழு பேரில் கடைசியாக, 1974இல், காலிஸ் அங்கே போய்ச் சேர்ந்தார்.